‘ரேட் ராட்’ என்று சொல்லிவிட்டேன்

ஒரே ஒரு சொல். அதைச் சொல்லி எட்டு மாதம் ஆகிறது, இன்னும் மனசு ஆறவில்லை.

தெற்குக் கலிபோர்னியாவில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பழைய கார்க்காரர்கள் வழக்கமாகக் கூடும் வாகன நிறுத்துமிடங்கள் உண்டு. இருட்டு விலகும்போதே வந்துவிடுவார்கள், வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுவார்கள். நான் போகும் இடத்தில் ஓரமாக எப்போதும் ஒரு 1932 ஃபோர்டு கூப் நிற்கும். மட்கார்டுகள் கிடையாது. கூரை தாழ்ந்திருக்கும். உடம்பு முழுக்கச் செங்காவி நிறப் பிரைமர்தான், அதாவது பெயிண்டுக்கு அடியில் பூசும் முதல் பூச்சு. பளபளப்பு என்பதே இல்லை. அதன் சொந்தக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பல வாரம் தள்ளி நின்று பார்த்துவிட்டு அன்றைக்குத்தான் பக்கத்தில் போனேன். அவரும் ஆசையாகப் பேசினார். கூரையில் மூன்று அங்குலம் எடுத்தது, 1948-ஆம் வருடத்து ஃபிளாட்ஹெட் எஞ்சினைக் கொண்டுவந்து பொருத்தியது, முன் அச்சை இறக்கியது என்று பத்து நிமிடம் சொல்லிக்கொண்டே போனார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பாராட்டுகிறோம் என்ற நினைப்பில், “நான் பார்த்ததிலேயே அழகான ரேட் ராட் இதுதான்” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. முகம் மட்டும் சட்டென்று வாடிவிட்டது. பின்பாக்கெட்டிலிருந்து துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலேயே, “இது ரேட் ராட் இல்லை” என்றார். அப்புறம் வேறு யாரோ வந்து பேச்சுக் கொடுக்க, நான் நகர்ந்துவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தத் துணி கண்ணாடியில் வட்டம் வட்டமாகப் போனதுதான் கண்ணில் நின்றது.

அந்தச் சொல் எனக்குத் தெரியும் என்று நம்பியிருந்தேன், அதுதான் உறுத்தல். தெரியாத சொல்லைத் தப்பாகச் சொன்னால் திருத்திக்கொண்டு போய்விடலாம். நானோ இரண்டு வருடமாக இந்தக் கார்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து, வீடியோக்களைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக நோட்டில் எழுதி வைத்தவன். கார்களுக்கும் முன்னால் இந்தப் பாஷையின்மேல்தான் எனக்குப் பிரியம் வந்தது.

எடுத்ததைச் சொல்லும் சொற்கள்

நோட்டில் முதல் பக்கம் ‘சாப்’. கூரையைத் தாங்கும் தூண்களைக் குறுக்கே அறுத்து, ஒரு துண்டை எடுத்துவிட்டு, கூரையைக் கீழே இறக்கி மறுபடி பற்றவைப்பது. அடுத்தது ‘சேனல்’. தரைத் தகட்டை வெட்டி மேலே ஏற்றிவிட்டால் காரின் உடம்பு சட்டத்தின்மேல் உட்காராமல், சட்டத்தை மூடிக்கொண்டு கீழே இறங்கும். மூன்றாவது ‘செக்‌ஷன்’. இது மூன்றிலும் கடுமையான வேலை. காரின் இடுப்பைச் சுற்றி, கதவு, பக்கவாட்டு, பின்புறம் எல்லாவற்றிலும் ஒரே அளவில் ஒரு பட்டையை உருவி எடுத்துவிட்டு, மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் சேர்ப்பது. பானெட்டின் மூக்கில் இருக்கும் அலங்காரத்தைக் கழற்றி ஓட்டையை அடைத்தால் ‘நோஸ்டு’. டிக்கியின் மூடியில் அதையே செய்தால் ‘டெக்டு’. கதவுப் பிடிகளையும் பெயர்ப் பட்டைகளையும் எடுத்து மழமழவென்று ஆக்கினால் ‘ஷேவ்டு’, சவரம் செய்தது. ஹெட்லைட்டை உள்ளே தள்ளி, அதைச் சுற்றியுள்ள தகட்டோடு தகடாக இழைத்துவிட்டால் ‘ஃபிரெஞ்ச்டு’.

வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் ஒன்று தெரியும். எல்லாமே எடுத்ததைச் சொல்கின்றன. வெட்டினேன், உருவினேன், மழித்தேன், கழற்றினேன். இவ்வளவு உழைப்பைப் போட்டு ஒரு பொருளைச் செய்பவர்கள், சேர்த்ததைச் சொல்லாமல் நீக்கியதைச் சொல்லிப் பெருமைப்படுவதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. சிற்பிகள் வேண்டுமானால் இப்படிப் பேசலாம்.

சாப் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எவ்வளவு வேலை இருக்கிறது என்பது காரைப் பொறுத்தது. 1932 ஃபோர்டில் தூண்கள் ஏறக்குறைய நேராக நிற்கின்றன, கண்ணாடி தட்டையானது. அதனால் மேல்பகுதியை இறக்கினால் கிட்டத்தட்ட அதனதன் இடத்தில் வந்து உட்காரும். 1949 மெர்குரி அப்படியில்லை. அதன் கூரை எல்லாப் பக்கமும் வளைந்து, மேலே போகப்போகக் குறுகும். அதை நான்கு அங்குலம் இறக்கினால் முன் விளிம்பு கண்ணாடிச் சட்டத்தைத் தொடாமல் பின்னாலேயே நின்றுவிடும். கூரையைப் பல துண்டாக அறுத்து, இடைவெளிகளில் புதுத் தகட்டை வைத்து நீட்ட வேண்டும், பின் கண்ணாடியைச் சாய்க்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயர்தான். அவர்களுக்குள் பேசும்போது “மெர்குரியில் நாலு எடுத்தேன்” என்று ஒருவர் சொன்னால் மற்றவர் ஒரு கணம் பேச்சை நிறுத்துவார். அந்த நிறுத்தத்தில்தான் மரியாதை இருக்கிறது.

சில சொற்கள் செய்கையைச் சொல்வதில்லை, ஊரையும் காலத்தையும் சுமந்துகொண்டு வருகின்றன. 1932 ஃபோர்டுக்கு ‘டியூஸ்’ என்று பெயர். சீட்டுக்கட்டில் இரண்டுக்குச் சொல்வது, 32-இல் இருக்கும் இரண்டுக்கு வந்துவிட்டது. அந்த வருடம்தான் ஃபோர்டு தன் வி-8 எஞ்சினைச் சாதாரண மக்களின் காருக்குள் வைத்தது. 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். மலிவான காரில் அப்படி ஒரு எஞ்சின் வந்ததால்தான் பையன்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மட்கார்டுகளைக் கழற்றிவிட்டு, உடம்பைச் சட்டத்தின் மேலேயே விட்டு வைத்தால் அது ‘ஹைபாய்’. அசல் தொழிற்சாலைத் தகடு என்றால் ‘ஹென்றி ஸ்டீல்’. ஃபோர்டின் முதல் பெயரை ஏதோ பக்கத்து வீட்டுக்காரர் பெயர் மாதிரி சொல்வார்கள். ஃபைபரில் வார்த்த உடம்பு என்றால் வெறும் ‘கிளாஸ்’.

எனக்கு மிகவும் பிடித்தது ‘லேக் பைப்’. காரின் பக்கவாட்டில், கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் புகைக்குழாய். லேக் என்றால் ஏரி. குழாய்க்கு எதற்கு ஏரியின் பெயர்? லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே மொஹாவி பாலைவனத்தில் மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிகள் இருக்கின்றன. தண்ணீர் வற்றிக் களிமண் இறுகி, மைல் கணக்கில் தட்டையாகக் கிடக்கும். 1930-களில் பையன்கள் காரை அங்கே ஓட்டிக்கொண்டு போய், குழாயின் மூடியைத் திறந்துவிட்டு, சைலன்சர் வழியாகப் போகவேண்டிய புகையை நேராக வெளியே விட்டு, வேகம் பார்ப்பார்கள். திரும்பும்போது மூடியைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார்கள். 1937-இல் இந்த ஓட்டங்களை ஒழுங்குபடுத்தத் தெற்குக் கலிபோர்னியா நேரக்கணிப்புச் சங்கம் தொடங்கப்பட்டது. மியூராக் பிறகு விமானப்படைத் தளத்துக்குள் போய்விட்டது. 1949-இலிருந்து பெரிய ஓட்டம் யூட்டா மாநிலத்தின் பான்வில் உப்புத் தரையில் நடக்கிறது. ஏரிப்பக்கமே போகாத கார்களிலும் அந்தக் குழாய் இன்றைக்கும் ‘லேக் பைப்’தான்.

வசையாக இருந்த பெயர்

இவ்வளவும் தெரிந்ததால்தான் அவர் வருத்தப்பட்டது எனக்குப் புரியவில்லை. வேகத்துக்காக மாற்றிக் கட்டிய பழைய காருக்குச் சொல்லும் ‘ஹாட் ராட்’ என்ற பெயரே ஒரு காலத்தில் வசை மாதிரிதானே இருந்தது? இரண்டாம் உலகப் போர் முடியும் சமயத்தில்தான் அந்தச் சொல் பரவியது. அதற்கு முன் ‘கௌ ஜாப்’ என்றார்கள். ‘ஹாட் ரோட்ஸ்டர்’ என்பதன் சுருக்கம்தான் ஹாட் ராட் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். போருக்குப் பிறகு செய்தித்தாள்களில் அந்தச் சொல் வந்தாலே தெருவில் பந்தயம் விட்டு விபத்து உண்டாக்கும் விடலைப் பையன் என்றுதான் பொருள். அந்தப் பெயரைத் தூக்கி நிறுத்தத்தான் எத்தனை பேர் பாடுபட்டார்கள். 1948 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். ராபர்ட் பீட்டர்சன் அதே மாதம் அந்தப் பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். அதன் ஆசிரியராக இருந்த வாலி பார்க்ஸ் 1951-இல் தேசிய ஹாட் ராட் சங்கத்தை அமைத்து, பந்தயத்தைத் தெருவிலிருந்து ஓடுபாதைக்குக் கொண்டுபோனார். வசையை எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டு, அதை மரியாதைக்குரிய பெயராக மாற்றிவிட்டார்கள்.

வேகத்தைவிடத் தோற்றத்துக்காக மாற்றும் கஸ்டம் கார்களின் பக்கமும் இதே கதைதான். ஜார்ஜ் பாரிஸும் அவர் அண்ணன் சாம் பாரிஸும் லின்வுட்டில் பட்டறை வைத்திருந்தார்கள். ‘சி’ எழுத்தில் தொடங்க வேண்டிய கஸ்டமை ஜார்ஜ் ‘கே’ போட்டு எழுதினார். தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே ‘க’தான், அந்தக் குறும்பு காணாமல் போய்விடும். அங்கே அந்த ஒரு எழுத்து, கடையில் வாங்கிய காருக்கும் கையால் மாற்றிய காருக்கும் நடுவே கோடு போட்டது. சாம் பாரிஸ் தன் சொந்த 1949 மெர்குரியைப் புதுசாக இருக்கும்போதே அறுத்துக் கூரையை இறக்கினார். பிறகு பாப் ஹிரோஹாட்டா என்பவரின் 1951 மெர்குரியை 1952-இல் அந்தப் பட்டறை செய்து கொடுத்தது. அந்தக் கார் சில வருடங்களிலேயே மதிப்பிழந்து, 1959-இல் ஒரு பழைய கார் வியாபாரியிடமிருந்து ஜிம் மெக்னீல் என்ற பள்ளிக்கூடப் பையன் 500 டாலருக்கு வாங்கினார். வாழ்நாள் முழுக்க வைத்திருந்தார். 2022 ஜனவரியில் அது 21 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அந்த வகைக் காருக்கு ‘லெட் ஸ்லெட்’ என்று பெயர், ஈயச் சறுக்குவண்டி. தகட்டு இணைப்புகளை ஈயத்தால் நிரப்பிக் கனம் ஏற்றிய கார் என்ற கிண்டல் அதில் இருக்கிறது. யாரும் அதற்காக வருத்தப்படுவதில்லை, பெருமையாகவே சொல்கிறார்கள்.

அப்படியிருக்க, ரேட் ராட் மட்டும் ஏன் குத்த வேண்டும்? ரேட் என்றால் எலி. துருவும் பிரைமருமாக, கிடைத்த பாகங்களை வைத்துக் கட்டிய கார்களைக் கீழாகச் சொல்லத்தான் அது வந்தது. ஆனால் அந்தக் கார்களைச் செய்தவர்களே அதை எடுத்துக்கொண்டார்கள். ஹாட் ராட்டுக்கு நடந்ததுதானே இதற்கும் நடந்திருக்கிறது? இந்த வாதத்தை மனசுக்குள் நன்றாகத் தீட்டி வைத்துக்கொண்டு, மூன்று வாரம் கழித்து அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போகிறவன் வாதத்தையும் கூட எடுத்துக்கொண்டு போகக்கூடாது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

வாதத்துக்கு இடமே வரவில்லை. “மன்னித்துவிடுங்கள், தப்பாகச் சொல்லிவிட்டேன்” என்றதும் அவர் தலையாட்டினார். “வியாழக்கிழமை சாயங்காலம் சும்மா இருப்பீர்களா? பழைய சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள்” என்றார்.

ஈயத்தின் பதம்

அவர் வீட்டு கராஜில் டியூஸ் பின்னால் தள்ளி நின்றது. முன்னால் நண்பர் ஒருவருடைய 1950 மெர்குரியின் பின்பக்கத் தகடு. கூரையை இறக்கியிருந்தார்கள், தூண் வந்து உடம்போடு சேரும் இடத்தில் வெல்டிங் தழும்பு நீளமாகத் தெரிந்தது. அதை ஈயத்தால் நிரப்பப் போகிறார். இப்போதெல்லாம் இதற்குப் பிளாஸ்டிக் பட்டிதான் வைக்கிறார்கள், அதற்கு அவர்கள் பாஷையில் ‘மட்’, சேறு. அவருக்கு ஈயம்தான்.

விமானத் தொழிற்சாலையில் தகட்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். கையில் அவசரம் கிடையாது. முதலில் தழும்பைச் சுற்றித் தகடு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்தார். பிறகு ஒரு பசையைத் தடவி, கேஸ் டார்ச்சின் சுடரைத் தணித்து, அதன் நுனி மட்டும் படும்படி ஆட்டினார். பசை பழுப்பாகிக் கொதித்ததும் பருத்தித் துணியால் ஒரே இழுப்பு. சாம்பல் நிறத் தகட்டில் வெள்ளி மாதிரி ஒரு பட்டை பளிச்சென்று வந்தது. “டின்னிங்” என்றார். எனக்கு அங்கேயே உடம்பு சிலிர்த்தது. இது ஈயம் பூசுவது! பித்தளைப் பாத்திரத்தின் உள்பக்கம் சூட்டில் துணியால் ஒரு சுற்றுச் சுற்றியதும் வெள்ளையாகப் பூத்து வருமே, அதே வேலை, அதே இழுப்பு. வெள்ளீயம் பிடித்த இடத்தில்தான் காரீயம் ஒட்டும். ஒட்டாத இடத்தில் எவ்வளவு நிரப்பினாலும் ஒரு நாள் பெயர்ந்து வரும்.

அப்புறம் ஈயக் கம்பி. முப்பது பங்கு வெள்ளீயம், எழுபது பங்கு காரீயம் கலந்தது. இந்தக் கலவை 183 டிகிரியில் இளக ஆரம்பிக்கும், ஆனால் முழுக்க உருகுவதற்கு ஏறக்குறைய 255 டிகிரி ஆக வேண்டும். நடுவே இருக்கும் அந்த எழுபது டிகிரிக்குள் அது கட்டியும் இல்லை, தண்ணீரும் இல்லை. வேலை முழுக்க அந்த இடைவெளிக்குள்தான். கம்பியின் நுனி தொய்ய ஆரம்பித்ததும் அதைத் தகட்டில் அழுத்தி அப்பினார். இடது கையில் சுடர் வருவதும் போவதுமாக இருந்தது, வலது கையில் மேப்பிள் மரத்தில் செய்த சின்னத் துடுப்பு. அதைக் கொழுப்பில் தொட்டுத்தொட்டு, ஈயத்தை மேலே தள்ளினார், ஓரத்தில் மெலிதாக்கினார். செங்குத்தான தகட்டில் அது வழியாமல் நின்றது.

“இப்போது நீங்கள்” என்று துடுப்பை என்னிடம் நீட்டினார். சுடரை அவரே பிடித்துக்கொண்டார். நான் தள்ளியபோது ஈயம் முதலில் நகரவே இல்லை, பொருக்குத் தட்டி உடைந்தது. “இன்னும் கொஞ்சம் சூடு” என்று கேட்டேன். கொடுத்தார். ஒரு கணம் அருமையாக நகர்ந்தது. அடுத்த கணம் மொத்தமும் பளபளவென்று கண்ணாடி மாதிரி மின்னி, வழிந்து, தரையில் சொட்டென்று விழுந்து தட்டையாகப் பரவியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கீழே விழுந்ததைச் சுரண்டி எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு மறுபடி கம்பியைக் காட்டினார். நான்காவது முறை ஒரு விரல் அகலத்துக்கு நின்றது.

அந்த நிலைக்கு என்ன பெயர் என்று கேட்டேன். மின்னினால் போச்சு, அதற்கு முன்னாலேயே சுடரை எடுத்துவிட வேண்டும் என்றார். அதற்கென்று தனிச் சொல் அவரிடம் இல்லை, கையை மட்டும் காற்றில் பிசைந்து காட்டினார். எங்கள் மொழியில் இருக்கிறது, ‘பதம்’ என்று சொல்வோம் என்றேன். அதே சொல்லுக்குச் ‘சொல்’ என்றும் பொருள் உண்டு என்றேன். துடுப்பைத் துடைத்துக்கொண்டே, “ரெண்டும் ஒன்றேதானா?” என்று கேட்டார். அதுவரை அந்த இரண்டையும் நான் சேர்த்து யோசித்ததே இல்லை.

ஈயம் ஆறியதும் வளைந்த பல் வைத்த பெரிய அரத்தால் இழைத்தார். மெஷின் வைத்துத் தேய்த்தால் ஈயத்தூள் காற்றில் பறந்து நெஞ்சுக்குள் போய்விடும், அரத்தால் இழைத்தால் சுருள் சுருளாகக் கீழே விழும் என்று சொன்னார். முடிந்ததும் இரண்டு பேரும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினோம். கழுவிக்கொண்டிருக்கும்போதுதான், என் பக்கம் திரும்பாமல், அன்றைக்கு என்ன நடந்தது என்று சொன்னார்.

“அன்றைக்கு நான் முதலிலேயே சொன்னேனே, ‘அவள் இன்னும் பிரைமரில் இருக்கிறாள்’ என்று. நீங்கள் கேட்கவில்லை.”

சொன்னார்தான். ஞாபகம் வந்துவிட்டது. அதை நான் நிறத்தைப் பற்றிய தகவலாகக் காதில் வாங்கியிருந்தேன். ‘இன் பிரைமர்’ என்பது நிறம் இல்லை, அது ஒரு கட்டம். வேலை எதுவரை வந்திருக்கிறது என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொல்வது. பதினோரு வருடமாக அந்தத் தகட்டை அவர் நேராக்கிக்கொண்டிருக்கிறார். நேரான பிறகுதான் பெயிண்ட், கறுப்பு நிறத்தில். கறுப்பு எதையும் மன்னிக்காது, ஒரு மயிரிழைப் பள்ளத்தைக்கூட நிழலாகக் காட்டிக்கொடுத்துவிடும். அதற்குத்தான் இவ்வளவு காலம். ரேட் ராட்டில் பிரைமர் என்பது தோற்றம், அங்கேயே நிறுத்திவிடுவது என்று முடிவு செய்து பூசியது. இவருடையதோ இன்னும் போய்க்கொண்டிருக்கிற வேலை. நான் சொன்ன சொல் அந்த வேலை முடிந்துவிட்டது என்று அவரிடம் சொல்லியிருக்கிறது. இவ்வளவுதான் உன்னால் முடிந்தது, அழகாகத்தான் இருக்கிறது என்று.

கைச் சொல்லும் கண் சொல்லும்

இதற்காக நான் ரேட் ராட்காரர்களின் எதிர்ப்பக்கம் போய்விடவில்லை. ஒரு நல்ல டியூஸைக் கட்டி முடிக்க ஆகும் பணம் பெரும்பாலான இளைஞர்களின் கைக்கு எட்டாதது. 1980-களில் அலுமினியக் கட்டியைக் கடைந்தெடுத்த ‘பில்லட்’ பாகங்களும் மழமழப்பான பெயிண்டுமாக ஸ்ட்ரீட் ராட்கள் வந்து நின்றபோது, பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய பாகங்களை வைத்து, வெல்டிங் தழும்பை மறைக்காமல், சிலர் காரை ஓடவிட்டார்கள். ஸ்பேனரைக் கதவுப் பிடியாக வைத்தவர்கள் உண்டு, டிராக்டரின் முன்வலையை மாட்டியவர்கள் உண்டு. அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். எலி என்று மற்றவர்கள் சொன்னதை அவர்கள் தங்கள் பெயராக வைத்துக்கொண்டது அவர்கள் உரிமை. சட்டத்தைச் சரியாகப் பற்றவைக்காமல் சாலைக்குக் கொண்டுவருபவர்களை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனால் தன் பெயராக எடுத்துக்கொள்வது வேறு, அடுத்தவர்மேல் ஒட்டுவது வேறு. என் நோட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சாப், சேனல், ஷேவ்டு, ஃபிரெஞ்ச்டு எல்லாம் கையிலிருந்து வந்த சொற்கள். செய்தவன் தான் செய்ததைச் சொல்கிறான். ரேட் ராட், லெட் ஸ்லெட் எல்லாம் கண்ணிலிருந்து வந்தவை. வெளியே நின்று பார்த்தவன் சொன்னது. கண் சொல்லைக் காரின் சொந்தக்காரர் முதலில் சொன்னால் சிரிப்பு, நாம் முதலில் சொன்னால் தீர்ப்பு. லோரைடர் விஷயத்திலும் இதுதான் நடந்தது. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் சிகானோ மக்கள் தங்கள் காரைத் தாழ்த்தி மெதுவாக ஓட்டுவதைக் கௌரவமாகச் சொன்ன பெயர் அது. பார்த்தவர்கள் வாயில் அது ரவுடி என்று ஆகி, ஊர் ஊராகத் தடைகளும் வந்தன. கலிபோர்னியாவில் அந்தத் தடைகளைச் சட்டம் போட்டு நீக்கியது 2024-இல்தான் அமலுக்கு வந்தது.

பெரியவரும் இதில் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூடிய டிரெய்லரிலிருந்து இறக்கப்பட்ட ஒரு கூப்பைப் பார்த்து, “டிரெய்லர் குயீன்” என்று என் காதில் சொன்னார். சாலையில் ஓடாமல் கண்காட்சிக்கு மட்டும் சவாரி வரும் ராணி என்று அர்த்தம். அந்தக் காரின் கதவு இடுக்கு தலையிலிருந்து கால்வரை நூல் பிடித்த மாதிரி ஒரே அளவில் இருந்ததை நான் பார்த்தேன். அதைச் செய்த கை யாருடையதோ. அவரிடம் சொன்னேன். போய்ப் பார்த்தார், குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார், திரும்பி வந்து வேறு பேச்சை எடுத்தார். அதோடு விட்டுவிட்டேன்.

அவரே கைவிட்ட சொல் ஒன்றும் உண்டு. டியூஸின் முன்பக்கத்தைத் தாழ்த்துவதற்கு அச்சின் இரு முனைப் பக்கங்களையும் சூடாக்கி வளைத்து, நடுப்பகுதி தாழும்படி இறக்குவார்கள். சான் டியேகோவில் எட் ஸ்டூவர்ட் என்பவர் இதில் கெட்டிக்காரர். அந்த ஊர்ப் பெயரைச் சுருக்கி ‘டேகோ அச்சு’ என்று கூப்பிட்டார்கள். ஊர்ப் பெயர்தான், ஆனால் அமெரிக்காவில் அது இத்தாலியர்களைக் கேவலமாகச் சொல்லும் சொல்லும்கூட. பெரியவரின் நண்பர்களில் இத்தாலியக் குடும்பத்துக்காரர் ஒருவர் இருந்தார். நாற்பது வருடம் கூடவே இருந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஒரு நாள், “அதைக் கேட்கும்போதெல்லாம் எங்கப்பா ஞாபகம் வருகிறது” என்றாராம். அன்றையிலிருந்து இவர் ‘டிராப் அச்சு’ என்றே சொல்கிறார். “அச்சு அதேதான், அதே அளவுக்குத்தான் இறங்கியிருக்கிறது” என்றார்.

போன மாதம் மறுபடி கராஜுக்குப் போயிருந்தேன். டியூஸின் வலதுபக்கக் கதவில் வேலை நடந்துகொண்டிருந்தது. பிரைமரின்மேல் கறுப்புப் பெயிண்டைப் பனி மாதிரி லேசாகத் தூவி, நீளக் கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தேய்ப்பார். மேடான இடத்தில் கறுப்பு போய்விடும், பள்ளத்தில், அவர்கள் பாஷையில் ‘லோ’வில், தங்கும். அப்படித் தேய்த்து எல்லாக் கறுப்பும் போன கதவு அது. என் கண்ணுக்குத் தண்ணீர்ப் பரப்பு மாதிரி இருந்தது. “கண்ணை மூடிக்கொள்ளுங்கள்” என்றார். என் உள்ளங்கைக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய பருத்தித் துணியை வைத்து, கையை முன்னும் பின்னும் இழுக்கச் சொன்னார். விரலை நம்பாதீர்கள், உள்ளங்கையை நம்புங்கள் என்றார்.

முதல் இரண்டு இழுப்பில் ஒன்றுமே தெரியவில்லை. மூன்றாவது இழுப்பில், கதவுப் பிடிக்குக் கொஞ்சம் கீழே, கை ஒரு இடத்தில் மெல்ல உட்கார்ந்து எழுந்த மாதிரி இருந்தது. திரும்பப் போனேன். மறுபடி உட்கார்ந்தது.

“லோ” என்றேன்.

அவர் துணியை எடுத்துவிட்டுத் தன் உள்ளங்கையை அங்கே வைத்துப் பார்த்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்து அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.